கப்பல் தெரியாத கடற்கரை

எனக்குக் கடல் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். கடற்கரைக்குப் போனா காலெல்லாம் மணல், தலையெல்லாம் பிசுபிசுப்பு, வாயில உப்பு. திரும்பி வந்ததும் சேலையை ரெண்டு தண்ணியில அலசணும். அப்படிப்பட்ட நான்தான் ஒரு கோடை முழுக்கப் புதுச்சேரியில இருக்கிற கடற்கரையெல்லாம் ஒண்ணொண்ணாப் போய்ப் பார்த்து, எது தேவலாம், எது ஆகாதுன்னு அலைஞ்சேன். எல்லாம் என் தலையெழுத்து.

காரணம் எங்க வீட்டுக்காரர். அவருக்கு சைகோன் பக்கம் பிரெஞ்சுக்காரன் சுங்கத்துல உத்தியோகம். கல்யாணமான மறு வருஷமே என்னையும் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போயிட்டார். பென்சன் வாங்கிக்கிட்டு நாங்க ஊர் திரும்பினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளுக்கு நடுவுல. நெல்லித்தோப்புல கோயிலுக்குப் பின்னால வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். பெட்டியை எறக்கி வச்ச அன்னிக்கே நான் சொல்லிட்டேன், "இனிமே எம் பொணம்கூடக் கப்பல் ஏறாது"ன்னு. ஒடம்பு அப்படி விட்டுப் போயிருந்தது. அந்நிய ஊர்ல, அந்நிய பாஷையில, யாருக்கும் யாருமில்லாம இத்தனை வருஷம் இருந்துட்டு வந்து, நம்ம கோயில் மணிச் சத்தம் கேட்டுப் படுத்த முதல் ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.

இவர் ஒரு மாசம் சும்மா இருந்தார். அப்புறம் ஆரம்பிச்சார். தண்ணி சரியில்லேன்னார். ரொட்டி வேகலேன்னார். முடிவெட்டறவன் கத்தி மொட்டைன்னார். அங்க இருந்தப்போ "எங்க புதுச்சேரியில"ன்னு வாய் ஓயாம பேசின மனுஷன், இங்க வந்து "எங்க சைகோன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டார். அதுக்குத் தோதா, சைகோன்ல ஒரு வியாபாரி கணக்குப் பார்க்க ஆள் வேணும்னு சொல்லி அனுப்பினான். மழைக்கு முன்னால வர்ற கப்பல்ல வந்துடணுமாம். இவருக்கு அன்னியிலேருந்து சாப்பாடு எறங்கலே.

நிஜமான காரணம் சாப்பாடும் இல்லே, சம்பளமும் இல்லே. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதை வாய்விட்டுப் பேசினதில்லே, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. மூணு வயசு முடியறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. அப்போ இவருக்கு 'காப்'புல வேலை. காப்புன்னா சைகோன் ஆறு கடல்ல விழற பக்கத்துல ஒரு முனை. மலை, மலைக்குக் கீழே மணல், வெள்ளைக்காரங்க குளிக்கிற எடம். அந்த மணலுக்கு மேலே மேட்டுல கல்லறைத் தோட்டம். அங்கதான் அவளை வச்சாங்க. வச்சோம்னு சொல்ல எனக்கு வாயில்லே, ஏன்னா நான் போகலே. எங்க சனத்துல ஒரு வழக்கம் உண்டு. தலைச்சன் புள்ளை போயிட்டா பெத்தவ அந்தக் குழிமேட்டை மிதிக்கக்கூடாது, மிதிச்சா அடுத்தது தங்காதுன்னு. ஞானஸ்நானம் வாங்கினவங்கதான், பூசைக்குப் போறவங்கதான். ஆனா இதையெல்லாம் சாமியாரைக் கேட்டுக்கிட்டா செய்யறோம்? அடுத்தது வரட்டும்னு நான் போகாம இருந்தேன். வருஷம் ஓடிச்சு. அடுத்தது வரலே. அப்புறம் போகாம இருக்கிறதே பழகிப் போச்சு.

இவர் போவார். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் என்னை வீட்டுல விட்டுட்டு மேட்டுக்குப் போவார். அப்புறம் கீழே எறங்கி மணல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, மதியத்துக்கு வருவார். நான் சோறு போடுவேன். எங்க போனீங்கன்னு கேட்டதில்லே. அவரும் சொன்னதில்லே. காப்பை விட்டு மாத்தல் வந்தப்போகூட வேணாம்னுட்டு, பென்சன் வாங்கற வரைக்கும் அங்கயே இருந்தார்.

அதனால இங்க வந்து அவர் "சைகோன் காப்பி", "சைகோன் ரொட்டி"ன்னு சொல்லறப்போ நான் எரிஞ்சு விழுந்தாலும், உள்ளுக்குள்ள என்னன்னு தெரிஞ்சுதான் எரிஞ்சு விழுந்தேன்.

ஒரு நாள் மீன் குழம்பு ஊத்தறேன். சாப்பிட்டுக்கிட்டே சொல்றார், "இந்த ஊர்ல மனுஷன் போய் உக்கார ஒரு கடற்கரை உண்டா?"

எனக்கு வந்ததே கோவம்! "கடலோரத்துலயே ஊரைக் கட்டி வச்சிருக்கான், கடற்கரை இல்லியாம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கடல் இருக்கு. கடற்கரை எங்க இருக்கு? காட்டேன். ஒண்ணே ஒண்ணு காட்டு. போய் உக்காந்தா எழுந்திருக்க மனசு வரக்கூடாது. அப்படி ஒண்ணைக் காட்டிட்டா நான் கப்பலை மறந்துடறேன்."

"காட்டலேன்னா?"

"கப்பல்தான்."

விளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சு முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லே. சரின்னேன். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான். அந்த நிமிஷத்துலேருந்து நான் ஊர்ல நிம்மதியாப் படுத்துத் தூங்கறதும், மறுபடி பெட்டி கட்டறதும் ஒரு மணல் திட்டு எப்படி இருக்குங்கறதுல போய் நின்னுச்சு.

அவருக்கு என்னென்ன வேணும்னு கேட்டு வச்சுக்கிட்டேன். மணல் வேணும், நிழல் வேணும், சத்தம் கூடாது, நாத்தம் கூடாது, தெரிஞ்சவன் எவனும் எதிர்ல வந்து பல்லைக் காட்டக்கூடாது. எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அதை அவர்கிட்டச் சொல்லலே. எந்தக் கடற்கரைன்னாலும் அங்கேருந்து பார்த்தா கப்பல் தெரியக்கூடாது.

அந்த நிபந்தனையில முதல் கடற்கரையே அடிபட்டுப் போச்சு. பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டுத் தூரத்துல தேடுவானேன்னு, முதல்ல வெள்ளைக்காரங்க இருக்கிற பக்கத்துக் கடற்கரைக்கே கூட்டிட்டுப் போனேன். புஸ்புஸ் வண்டியில போனோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது ஆள் பின்னாலேருந்து தள்ளற வண்டி. முன்னால உக்காந்திருக்கிறவர் கையில ஒரு கம்பி இருக்கும், அதைத் திருப்பித் திருப்பி வழி விடணும். இவர் கம்பியைப் பிடிச்சா நேரே போற வண்டியும் சாக்கடைக்குத்தான் போகும். தள்ளற ஆள் முதலியார்பேட்டைக்காரர், நல்ல மனுஷர். "ஐயா, கொஞ்சம் இந்தாண்ட, இந்தாண்ட"ன்னு கெஞ்சிக்கிட்டே வந்தார்.

அங்க மணலே இல்லே. கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பி, மேலே ரோடு போட்டிருக்கான். சாயந்திரம் ஆச்சுன்னா துரைங்களும் துரைசானிங்களும் நடப்பாங்க, அவங்களுக்குப் பின்னால நம்ம சனம் கோட்டு மாட்டிக்கிட்டு நடக்கும். பத்தடி போறதுக்குள்ள ஒருத்தர் தொப்பியைத் தூக்கி "போன்ஸ்வார்"ங்கறார். "எப்போ வந்தீங்க? பென்சன் எவ்வளவு?" இன்னொருத்தர் வந்து அதையே கேட்டார். இவர் முகம் போற போக்கைப் பார்த்து நான் கடல் பக்கம் திரும்பினேன். நேர் எதிர்ல, கடலுக்குள்ள நீட்டிக் கட்டியிருக்கிற பாலத்துக்கு அந்தாண்ட, ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது. சலங்குப் படகுல மூட்டை மூட்டையா ஏத்திக்கிட்டுப் போறாங்க. இவர் கண்ணு அங்கயே நிக்குது. மாதாவே, போதும்னு, "எனக்குத் தலை வலிக்குது, வீட்டுக்குப் போலாம்"னு இழுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் வடக்கே, வைத்திக்குப்பம் பக்கம். மணல் இருந்தது. மணல் மேலே வலை இருந்தது. வலை இல்லாத எடத்துல கட்டுமரம், கட்டுமரம் இல்லாத எடத்துல கருவாடு, கருவாடு இல்லாத எடத்துல காக்கா. இதெல்லாம் இல்லாத ஒரு எடம் பார்த்துப் பாயை விரிக்கப் போனேன். ஒரு கெழவர் தூரத்துலேருந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார், "அங்க வேணாம்மா, அது காலையில நாங்க ஒதுங்கற எடம்!" கூடையைத் தூக்கிக்கிட்டு எடுத்தேன் ஓட்டம். இவர் வண்டியில ஏறி உக்காந்து, மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டார். தப்பு அவங்க மேல இல்லே. அது அவங்க பட்டறை, அவங்க கொல்லை. ஒருத்தர் வீட்டுக் கொல்லையில போய்ப் பாய் விரிச்சுட்டு நாத்தம் அடிக்குதுன்னா எப்படி?

மூணாவது காலாப்பட்டு. அங்க சவுக்குத் தோப்பு இருக்கு, நெழலுக்குக் கொறைவில்லேன்னு யாரோ சொன்னாங்க. தூரம். விடியறதுக்கு முன்னால மாட்டு வண்டி பூட்டிக்கிட்டுக் கெளம்பினோம். ரொட்டி, வறுத்த மீன், அவிச்ச முட்டை, அப்புறம் இவருக்காக ஒரு பாட்டில் பிரெஞ்சு ஒயின். எங்க புத்தி அங்கதான் மழுங்கிப் போச்சு. புதுச்சேரின்னா ஒரே துண்டா இருக்கிற ஊரா? கொஞ்ச தூரம் பிரெஞ்சு மண்ணு, அப்புறம் கொஞ்சம் இங்கிலீஷ்காரன் மண்ணு, மறுபடி பிரெஞ்சு. காலாப்பட்டு நம்மளுதுதான், ஆனா நடுவுல இருக்கிறது அவனுது. நடுவுல சாவடி. சாவடியில ஒரு சேவகன்.

"கூடையில என்ன?"ன்னான்.

இவருக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. காலமெல்லாம் ஊரான் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த மனுஷன், தன் கூடையைத் திறக்கச் சொன்னதும் ரோஷம் வந்துடுச்சு. பிரெஞ்சுல கத்தறார். அவன் தெரிஞ்ச ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பதில் சொல்றான். ரெண்டு பேரும் தமிழனுங்க. நான் வண்டியில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன்.

பாட்டிலைப் பார்த்துட்டான். தீர்வை கட்டு, இல்லாட்டி இங்கயே வச்சுட்டுப் போன்னான். "நான் ஒங்க ஊருக்கா கொண்டு வரேன்? ஒங்க ஊரைத் தாண்டி எங்க ஊருக்குக் கொண்டு போறேன்"ங்கறார் இவர். அதெல்லாம் தெரியாதுங்கறான் அவன். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? சாவடிக்கு எதிர்ல புளியமரத்தடியில போய் உக்காந்தார். பாட்டிலைத் திறந்தார். "வயித்துல கொண்டு போறதுக்குத் தீர்வை உண்டா?"ன்னு கேட்டுட்டு, அவன் பார்க்கப் பார்க்க அத்தனையும் குடிச்சு முடிச்சார். வெறும் பாட்டிலை அவன் மேசை மேலே வச்சுட்டு வந்து வண்டியில சாஞ்சார். காலாப்பட்டுக் கடல் வர்றதுக்குள்ள குறட்டை. வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். நான் சவுக்குத் தோப்பைப் பார்த்தேன். எறங்காமலே திரும்பச் சொல்லிட்டேன். அந்த அவிச்ச முட்டையை நானும் வண்டிக்காரனுந்தான் தின்னோம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து அடுப்புக்கிட்ட உக்காந்து அழுதேன். அலுப்புல வந்த அழுகை. எத்தனை ஊர், எத்தனை வீடு, எத்தனை சட்டிப் பானை! ஒரு மனுஷன் உக்காரறதுக்கு எடம் தேடி நான் இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்? கப்பல் வர்ற நாளும் கிட்ட வந்துக்கிட்டே இருந்தது.

வழி சொன்னது அந்த புஸ்புஸ்காரர். "ஆத்துக்கு அந்தாண்ட ஒரு திட்டு இருக்கும்மா. தேங்காய்த்திட்டு தாண்டிப் போனா தோணி கெடைக்கும். ஆறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவுல தீவு மாதிரி கெடக்குது. சுத்தமா இருக்கும். ஈ காக்கா போறதில்லே."

"படகு கட்டறதில்லியா?"

"அலை முட்டும், படகு அணையாது. எங்க ஆளுங்க யாரும் அங்க போறதில்லேம்மா."

ஏன் போறதில்லேன்னு கேட்டிருக்கணும். ஊர்க்காரங்க யாரும் போறதில்லேன்னா நமக்கு நல்லதுன்னு மட்டுந்தான் எனக்குத் தோணிச்சு. புஸ்புஸ்காரரும் அதுக்கு மேல வாயைத் திறக்கலே.

அந்த ஞாயித்துக்கெழமை முதல் பூசை முடிஞ்சதும் கெளம்பினோம். தோணியில ஆத்தைத் தாண்டி மணல்ல காலை வச்சதும் நானே அசந்துட்டேன். கழுவி வச்ச மாதிரி மணல். ஒரு மீன் செதில் இல்லே, ஒரு காலடி இல்லே. ஆத்துப் பக்கம் ஏழெட்டு சவுக்கு மரம், நல்ல நெழல். கடல் பக்கம் பார்த்தேன், ஒரு கப்பலும் தெரியலே. பாலம் இருக்கிற பக்கத்தை மரமே மறைச்சிடுச்சு. அங்கங்க மணல் லேசா மேடு தட்டியிருந்தது, மேலே காய்ஞ்ச முள்ளுக் கெளை. ஆத்து வெள்ளத்துல ஒதுங்கினதுன்னு நெனச்சேன். ஈரத் துண்டைக் காயப்போட ஒரு முள்ளுக் கெளையை இழுக்கப் போனேன்.

"அதைத் தொடாதே"ன்னார் இவர்.

"ஏன், குத்திடுமா?"

"விட்டுடு. அது இருக்கட்டும்."

மரத்தடியில பாயை விரிச்சோம். இவர் உக்காந்தார். குத்தம் சொல்லப் போறார், சொல்லப் போறார்னு காத்துக்கிட்டே இருக்கேன். சொல்லலே. ரொட்டியைத் தின்னார். செருப்பைக் கழட்டி வச்சார். கையைப் பின்னால ஊணிக்கிட்டு மணலைப் பார்த்துக்கிட்டே இருந்தார். வெயில் ஏறி நான் போகலாம்னு சொன்னப்புறமும் எழுந்திருக்கலே. "இன்னும் கொஞ்ச நேரம்"னார். எனக்கு வாயெல்லாம் பல்லு.

அதுக்கப்புறம் வாராவாரம் போனோம். சொன்னா வெக்கமா இருக்கு, எனக்கே அந்த எடம் பிடிச்சுப் போச்சு. பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்போம். நான் ஊர்க் கதையெல்லாம் பேசுவேன். கோயில்ல யார் என்ன சேலை கட்டிக்கிட்டு வந்தா, மாவு மில்லுல யார் யாரோட சண்டை போட்டா, எல்லாம் பேசுவேன். இவர் "ம்"னு கேட்டுக்கிட்டு இருப்பார். ஒரு தடவை சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்து எத்தனை வருஷம்! வீட்டுல ரொட்டி நல்லா வேக ஆரம்பிச்சுடுச்சு. தண்ணியும் சரியாப் போச்சு.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கிறப்போ, அதே பாயில உக்காந்துகிட்டு அவரே சொன்னார், "அந்த வியாபாரிக்கு வரலேன்னு எழுதிடறேன். நீ ஜெயிச்சுட்டே."

"இந்தக் கடற்கரை தேவலாமா?"

"நல்லாயிருக்கு"ன்னார்.

நான் மடியில வச்சிருந்த மீன் துண்டை அவர் கையில குடுத்தேன். அப்போதான் பின்னால சத்தம் கேட்டுச்சு.

"யாருய்யா அது? எழுந்திரிங்க! எழுந்திரிங்க அங்கேருந்து!"

ஒரு பொம்பளை. சின்ன வயசு. தலையை வாராம விரிச்சுப் போட்டுக்கிட்டு, கையில ஒரு செம்பு, முந்தானையில பொரி. மணல்ல வெறிபிடிச்சவ மாதிரி ஓடி வர்றா. அவளுக்குப் பின்னால ஒரு கெழவி. நான் பயந்து எழுந்தே நின்னுட்டேன்.

"ரொட்டியும் மீனும் திங்க ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா? புள்ளைங்க படுத்திருக்கிற எடத்துலயா வந்து திம்பீங்க?"

எனக்குப் புரியலே. புள்ளைங்க எங்க படுத்திருக்கு? சுத்தி முத்தியும் பார்க்கறேன். கெழவிதான் மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா, "எங்க குப்பத்துல பெரியவங்களுக்கு வேற எடம்மா. சின்னதுங்களை, பால்குடி மறக்காததுங்களை, இங்கதான் புதைப்போம். நாயி தோண்டிடாம முள்ளு போட்டு வச்சிருக்கோம். ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?"

தெரியலே. சத்தியமாத் தெரியலே. எங்களுக்குக் கல்லறைன்னா சுவர் இருக்கணும், கேட்டு இருக்கணும், சிலுவை நட்டிருக்கணும். சிலுவை இல்லாத குழி எங்க சனத்துக் கண்ணுக்குக் குழியாவே தெரியாது. ஊர்லயே சுத்தமான எடம், ஒரு ஈ காக்கா வராத எடம்னு நான் பெருமையாக் கண்டுபிடிச்சு, வாராவாரம் அங்க எச்சில் கையோட உக்காந்திருந்திருக்கேன். ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

இவர் தொப்பியைக் கழட்டினார். "மன்னிச்சுக்கம்மா"ன்னார். மெதுவாப் பாயைச் சுருட்டினார். சிந்தியிருந்த ரொட்டித் தூளைக்கூடக் கையால அள்ளி எடுத்தார். அந்தப் பொண்ணு எங்க பக்கம் திரும்பவேயில்லே. போன வாரம் போட்ட முள்ளு போல, ஒரு எடத்துல பச்சையா இருந்தது. அங்க போய் உக்காந்து பாலை ஊத்தினா. ஊத்திட்டு மணலைத் தட்டிக் குடுத்தா, தூளியில கெடக்கிறதைத் தட்டிக் குடுக்கிற மாதிரி. என்னால பார்க்க முடியலே. நான் விறுவிறுன்னு தோணித்துறைக்கு நடந்துட்டேன்.

தோணி அந்தக் கரையில இருந்தது. காத்துக்கிட்டு நின்னோம். எனக்கு ஒரே யோசனைதான். போச்சு, எல்லாம் போச்சு. இனிமே இவரை எங்க கூட்டிட்டுப் போறது? இன்னும் ஒரு வாரத்துல எந்தக் கடற்கரையைக் கண்டுபிடிக்கிறது? கோவத்தை யார் மேல காட்டறதுன்னு தெரியாம அந்த புஸ்புஸ்காரர் மேல காட்டினேன். "கட்டையில போறவன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாது?"

"அவனைத் திட்டாதே. எனக்குத் தெரியும்"னார் இவர்.

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். முள்ளைப் பார்த்ததுமே."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பதறாம நிக்கிறார். "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா என்னை அங்க உக்கார வச்சீங்க? சிரிச்சுப் பேசிக்கிட்டு, தின்னுக்கிட்டு... நீங்கள்லாம் ஒரு மனுஷனா? ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ வரமாட்டே."

"வரமாட்டேந்தான்!"

"காப்புல அத்தனை வருஷத்துல ஒரு நாளும் நீ வரலே. குத்தமாச் சொல்லலே. ஒங்க அம்மா சொன்னது, வழக்கம், எல்லாம் எனக்கும் தெரியும். நான் மட்டும் போவேன், மேட்டுல நிப்பேன், கீழே எறங்கி உக்காருவேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல மணலைத் தட்டி வைப்பேன், நீ வந்தா உக்காரன்னு." திட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "இங்க யாரு பெத்த புள்ளைங்களோ. ஆனா நீ வந்து உக்காந்தே. ஊர் வம்பு பேசினே. அவ அங்க கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு. அதான் எழுந்திருக்க மனசு வரலே."

தோணி வந்துச்சு. ஏறினோம். தோணிக்காரன் எதிர்ல வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்தக் கரையில எறங்கி புஸ்புஸ்ல ஏறினதுந்தான் அழுகை வந்துச்சு. பின்னால தள்ளறவர் என்ன நெனப்பார்னு பார்க்கலே. தெருவுல போறவங்க திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க, பார்க்கட்டும்னு விட்டுட்டேன். அவ செத்தன்னிக்கு அழுததுக்கப்புறம் அவளுக்காக வாய்விட்டு அழுதது அன்னிக்குத்தான்.

அழுது ஓஞ்சதும் கேட்டேன், "அவ இருக்கிற எடம் எப்படி இருக்கும்?"

கம்பியைப் பிடிச்சிருந்த கையை அவர் எடுக்கலே. ரோட்டையே பார்த்துக்கிட்டு சொல்ல ஆரம்பிச்சார். கேட்டுக்குள்ள நொழைஞ்சு எடது கைப்பக்கம் திரும்பணுமாம். மூணாவது வரிசை. பக்கத்துல ஒரு பிரெஞ்சு மாலுமி, இந்தப் பக்கம் அந்த நாட்டுக்காரி, ஒரு அன்னமியக் கெழவி. "அந்தக் கெழவி மகன் வந்தா இவளுக்கும் ஒரு ஊதுவத்தி வச்சுட்டுப் போவான்." தலைமாட்டுல ஒரு மரம், பூவு வெள்ளையா உதிரும். மழைக்காலத்துல கல்லுல பாசி பிடிக்கும், தேங்காய் நார் வச்சுத் தேய்ப்பாராம்.

"கல்லு பெரிசா?"

"இல்லே, சின்னதுதான். இவ்வளவு." ஒரு கையை எடுத்துக் காட்டினார். வண்டி ஒரு பக்கம் சாஞ்சுது. "ஐயா, ஐயா"ன்னார் பின்னால தள்ளறவர்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அவ பேரு. பொறந்த தேதி, போன தேதி."

"அவ்வளவுதானா?"

"ஒன் பேரும் இருக்கு"ன்னார். "கல்லு வெட்டறவன் அப்பன் பேரு மட்டும் போதும்னான். நான் ரெண்டும் போடச் சொன்னேன். ஒன் பேருதான் முதல்ல. நீ என்னிக்காவது வந்தா பார்ப்பேன்னு."

முதலியார்பேட்டை கடைத்தெரு வந்துச்சு. ஞாயித்துக்கெழமைக் கூட்டம், சத்தம், ஒருத்தன் வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குக் குறுக்கே ஓடறான். இத்தனை வருஷமா எம் பேரு அந்த மேட்டுல வெயில்லயும் மழையிலயும் நின்னுக்கிட்டு இருந்திருக்கு. எம் பொண்ணுக்குப் பக்கத்துல, என்னை விட்டுட்டு, எம் பேரு மட்டும்.

"அந்த வியாபாரிக்கு வர்றோம்னு தந்தி அடிங்க. கப்பல்ல ரெண்டு பேருக்கு எடம் கேளுங்க"ன்னு நாந்தான் சொன்னேன்.